தங்கச்சி போனிலிருந்து வந்த பணம்

நாற்று கேட்டுச் செந்தாமரைக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்தது கிடையாது. நன்னிலத்துக்குக் கிழக்கே, சாலையை ஒட்டி, ஒரு ஏக்கருக்கும் குறைவான இரண்டு மா குத்தகை நிலத்தில் அவள் பாய் நாற்றங்கால் போட்டு வந்தாள். தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் மரச்சட்டம் வைத்து, சலித்த மண்ணையும் தொழுவுரத்தையும் கலந்து நிரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி வளர்க்கிற நாற்று அது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பக்குவம் வந்ததும் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வண்டியில் ஏற்றி, நடவு மெஷினுக்குக் கொடுத்துவிடலாம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் போகப் போக மெஷின்கள் பெருகின. மெஷின் பெருகப் பெருகச் செந்தாமரையின் நம்பரும் கைமாறிக் கைமாறி நீடாமங்கலம் வரைக்கும் போய்விட்டது. அவளுடைய அம்மா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக் கூலி வாங்கினவள். செந்தாமரை நாற்றை விற்றாள்.

வியாபாரம் முழுக்கப் போனில்தான். ஆள் கூப்பிடுவார், ரகம் சொல்வார், ஏக்கர் சொல்வார், முன்பணம் போடுவார். பணம் வந்த பிறகுதான் விதையை ஊறப்போடுவாள். ஒருவர் கேட்ட ரகத்தை இன்னொருவருக்குப் போட்டுவிடக் கூடாது என்று, எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி அவள் கணவன் அன்பரசன் போனில் ஏதோ மாற்றி வைத்திருந்தான்.

வைகாசி கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் வரப்போகிறது என்ற பேச்சு தொடங்கியிருந்த நேரத்தில், அந்த அழைப்பு வந்தது.

"அக்கா, வணக்கங்க. சாரங்கபாணி பேசுறேன், குடவாசல் பக்கம். மூணு ஏக்கருக்கு நாத்து வேணுங்க."

"என்ன ரகம் தம்பி?"

"ஏடிடி நாப்பத்தி மூணு இருந்தா பாருங்க. இல்லேன்னா உங்ககிட்ட எது நல்லா வருதோ அதையே போட்டுடுங்க."

குரல் நிதானமாக இருந்தது. வாய்க்கால் இன்னும் தூர்வாரவில்லை என்று குறைபட்டுக்கொண்டது. போன வருஷம் பம்புசெட் மோட்டார் புகைந்துபோய் நாற்றுக் காய்ந்த கதையைச் சொன்னது. செந்தாமரைக்கும் ஒருமுறை அப்படி ஆகியிருந்ததால் அவளும் தன் பங்குக்குச் சொன்னாள். முன்பணம் நாலாயிரம் என்றபோது அவன் பேரம் பேசவில்லை.

"எங்கிட்ட அந்த ஆப்பெல்லாம் கிடையாதுக்கா. தங்கச்சி போன்லேர்ந்து போடச் சொல்றேன். கனகான்னு பேரு காட்டும்."

பிற்பகலில் பணம் வந்தது. கனகா என்றுதான் பெயர் காட்டியது. ஆனால் நாலாயிரத்துக்குப் பதிலாக நாற்பதாயிரம்.

அவள் அந்தத் தொகையை இன்னொரு முறை படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"அக்கா, தப்பு நடந்துபோச்சுக்கா. ஒரு சைபரைச் சேத்துப் போட்டுடுச்சு அந்தப் பொண்ணு. உரக்கடைக்குக் கட்ட வெச்சிருந்த பணம் அது. கடைக்காரரு இங்கேயே நிக்கிறாரு."

செந்தாமரை ஏமாளி இல்லை. பணம் போட்டதாகப் பொய்யான படத்தை அனுப்பிச் சரக்கைத் தூக்கிப் போகிறவர்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதனால் முதலில் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்தாள். பணம் உண்மையாகவே வந்து சேர்ந்திருந்தது. ஏமாற்றுகிறவன் பணத்தைப் பறிப்பானே ஒழிய, கொடுப்பானா? அவள் மனத்தில் ஓடிய கணக்கு அவ்வளவுதான்.

"நாலாயிரத்தை வெச்சுக்கிட்டு மீதியை அனுப்பிடுறேன் தம்பி. வந்த நம்பருக்கே போட்டுடவா?"

"வேணாங்க்கா. அவ திருவாரூர் பஸ்ல ஏறிட்டா, போனும் அவகிட்ட இருக்கு. கடைக்காரரு நம்பர் தர்றேன், நேரா அவருக்கே போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த நம்பரைப் போட்டபோது வாயில் நுழையாத ஒரு வடநாட்டுப் பெயர் வந்தது. "கடை ஓனர் பேருக்கா அது" என்றான் அவன். அவள் மீதிப் பணத்தை அனுப்பினாள். கையிலிருந்த அடுப்பு வேலையைக்கூட முடிக்காமல் அனுப்பினாள். அடுத்தவர் காசு தன் கணக்கில் கிடப்பது காலில் முள் கிடப்பதுபோல அவளுக்கு. அனுப்பி முடித்ததும் மனசு லேசாயிற்று. இரவு சாப்பிடும்போது அன்பரசனிடம் சொன்னாள். "நல்ல வேளை, உங்கிட்ட வந்துச்சு. வேற யார்கிட்டயாவது போயிருந்தா அம்புட்டுதான்" என்றான் அவன். மறுநாள் காலை மூன்று ஏக்கருக்கான விதை ஊறியது.

*

நாற்றுத் தலைகாட்டிப் பச்சை பிடித்த சமயத்தில், டீசல் பங்கில் அவள் போனை நீட்டியபோது பணம் போகவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்தாள். கேனைப் பங்கிலேயே வைத்துவிட்டு, ரோட்டோரம் போய் நின்று மறுபடி முயன்றாள். போகவில்லை. பங்குக்காரர் தெரிந்தவர் என்பதால் டீசலைக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வருவதற்குள், முன்பணம் போட முயன்ற விவசாயி ஒருவர் கூப்பிட்டு, "உங்க நம்பருக்குப் போகவே மாட்டேங்குதும்மா" என்றார்.

வங்கிக் கிளையின் மேலாளர் ஜெயபாரதி அவளுக்கு மகளிர் குழுக் கடன் கொடுத்தவர். கணினியில் பார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி சைபர் போலீஸ்லேர்ந்து வந்திருக்குங்க. கனகான்னு ஒருத்தர் புகார் கொடுத்திருக்காங்க. அவங்களை ஏமாத்தி வாங்கின பணம் உங்க கணக்குக்கு வந்திருக்கு."

"அது தப்பா வந்த பணம் மேடம். மீதியை அப்பவே திருப்பி அனுப்பிட்டேன்."

"யாருக்கு அனுப்புனீங்க?"

செந்தாமரை போனைத் திறந்து காட்டினாள். ஜெயபாரதி அந்தப் பெயரையும், பணம் அனுப்பியவரின் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பணம் வந்தது கனகாகிட்டேர்ந்து. போனது வேற யாருக்கோ."

"அவ அண்ணன்தான் மேடம் சொன்னாரு."

"அவரு அண்ணன்னு யாருங்க சொன்னது?"

செந்தாமரை போனை மேசைமேல் வைத்தாள். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயபாரதி குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். யாரையோ ஏமாற்றி, அந்தப் பணத்தை இவள் கணக்கில் போடச் செய்திருக்கிறார்கள். இவள் கையாலேயே அதை அடுத்த இடத்துக்குக் கடத்தியிருக்கிறார்கள். புகார் வந்ததும் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது, முதலில் தட்டுகிற கதவு இவளுடையது.

"திருப்பிக் கொடுக்கிறது தப்பாங்க மேடம்?"

"தப்பில்லைங்க. ஆனா நீங்களா அனுப்பக் கூடாது. தெரியாத பணம் வந்தா அதைத் தொடாம எங்ககிட்ட வந்து சொல்லணும். அனுப்புனவங்க அவங்க பேங்க்ல எழுதிக் கொடுப்பாங்க. அங்கேர்ந்து எங்களுக்கு வரும். உங்க சம்மதம் வாங்கி, வந்த இடத்துக்கே நாங்க திருப்பிடுவோம். உண்மையாவே தவறிப் போட்டவங்க அதுவரைக்கும் காத்திருப்பாங்க. காத்திருக்க முடியாதுன்னு யார் அவசரப்படுத்துறாங்களோ, அங்கதான் யோசிக்கணும்."

அவளும் உடனே புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அங்கேயே உட்காரவைத்து, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசச் சொன்னார். சாரங்கபாணியின் நம்பர், அவன் கொடுத்த நம்பர், தேதி, தொகை எல்லாவற்றையும் செந்தாமரை சொன்னாள். வெளியே வந்து சாரங்கபாணிக்கும் ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அணைக்கப்பட்டிருந்தது.

அன்பரசன் அன்றைக்குச் சோறு போட்டு வைத்தும் சாப்பிடவில்லை.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டுட்டு அனுப்பியிருக்கக் கூடாதா தாமரை?"

"அன்னிக்கு ராத்திரியே சொன்னேன்ல? நல்ல வேளைன்னீங்க."

"அனுப்புனதுக்கு அப்புறம்தானே சொன்ன?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஊரில் சேதி வேறு மாதிரி பரவியது. செந்தாமரை கணக்கைப் போலீஸ் மூடிவிட்டது என்பது வரைக்கும்தான் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் விருப்பம்போல இட்டு நிரப்பிக்கொண்டார்கள். மண் சலிக்க வருகிற பெண்கள் கூலியை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்; சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பணம் கொடுத்திருந்த இரண்டு விவசாயிகள், நாற்று கட்டாயம் வருமா என்று ஒரே நாளில் கேட்டார்கள். இன்னொருவர் கேட்காமலேயே வேறு இடத்தில் சொல்லிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமும் அந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. கணக்கு நின்றாலும் நாற்று நிற்கவில்லை. காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி வளர்ந்தது. சாரங்கபாணிக்காகப் போட்ட பகுதியும் மற்றதைப் போலவேதான் வளர்ந்தது. அதற்கு ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளுக்கு அந்த முதல் அழைப்பு நினைவுக்கு வந்தது. 'உங்ககிட்ட எது நல்லா வருதோ அதையே போட்டுடுங்க.' ரகத்தை விற்பவளிடம் விட்டுவிடுகிற விவசாயியை அவள் அதுவரை பார்த்ததில்லை. முன்பணம் கூடுதலாக வந்துவிட்டால், அடுத்த தடவை கழித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் அன்றைக்கே காதில் விழுந்தவைதான். காதோடு போயிருந்தன.

*

நாகப்பட்டினம் சைபர் பிரிவிலிருந்து வரச்சொன்னார்கள். புகார் கொடுத்தவரும் வருகிறார் என்றார்கள். அன்பரசனின் குட்டியானை வண்டிக்கு அன்றைக்கு மன்னார்குடிக்கு நாற்று ஏற்றிப்போகிற வேலை இருந்தது. அதை விட்டால் அந்த விவசாயியும் கை நழுவிப் போவார். செந்தாமரை தனியாகத் திருவாரூர் போய் பஸ் மாறினாள். வழி முழுக்கக் கனகாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். உன் அண்ணன் இப்படிச் செய்துவிட்டானே என்று கேட்பதா, அண்ணனே இல்லையா என்று கேட்பதா என்றுகூட அவளுக்குத் தீர்மானமாகவில்லை.

உதவி ஆய்வாளர் ஷஹ்பாஸின் அறையில் ஒரு பெண்ணும் ஆணும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இவளைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வெயிலில் கறுத்த முகம், இறுக்கிக் கட்டிய கொண்டை.

"இவதான் செந்தாமரையா?" என்று அவள் எழுந்தாள். "பேரைப் பாத்தா பூவு. செஞ்சது என்ன வேலை? கோடியக்கரையிலேர்ந்து வாரேன்டி நானு. குழுவுல கடன் வாங்கி எஞ்சினுக்குப் போட்ட காசு அது. எங்க வூட்டுக்காரரு படகை மேட்டுல இழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. உனக்கு எப்படித் தொண்டையில எறங்குச்சு?"

பக்கத்திலிருந்தவன் அவள் கணவன் தியாகு. "கனகா, உக்காரு" என்றான். அவள் உட்காரவில்லை.

 செந்தாமரையை இதுவரை யாரும் முகத்துக்கு நேரே திருடி என்று சொன்னதில்லை. பதிலுக்குக் கத்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்ததால் கத்தவில்லை.

"உங்க அண்ணன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் பேசினான். சாரங்கபாணின்னு."

"எனக்கு அண்ணனே கெடையாது."

"போன்ல இருக்கு. கேளுங்க."

ஷஹ்பாஸ் தலையாட்டினார். செந்தாமரை பதிவைத் தேடி எடுத்து, போனை மேசைமேல் வைத்தாள். வாய்க்கால், தூர்வாரல், புகைந்துபோன மோட்டார் எல்லாம் வந்தன. நடுவில் செந்தாமரையே சிரிக்கிற சத்தமும் வந்தது. அதைக் கேட்க அவளுக்குக் கூசியது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "தங்கச்சி போன்லேர்ந்து போடச் சொல்றேன். கனகான்னு பேரு காட்டும்."

கனகா மெல்ல உட்கார்ந்தாள்.

"இவன்தான்," என்றாள். "எங்கிட்ட நாகரத்தினம்னு சொன்னான். ராமேஸ்வரத்துப் பக்கம்னான். எஞ்சினை ஓட்டிக் காட்டி வீடியோ அனுப்புனான். காத்து, கடல்ல ஓடுற நீவாடு, வலைன்னு எங்காளு மாதிரியே பேசுனான். கடைசியில, 'அக்கா கணக்குல போட்டுடுங்க, எங்க வூட்டுல காசு விவகாரமெல்லாம் அக்காதான். செந்தாமரைன்னு காட்டும்'னான். அதே பேரு காட்டுச்சு. அப்புறம் நான் என்னத்தைச் சந்தேகப்படுறது?"

 தியாகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் கனகா.

போட்டாள். இந்தத் தடவை இரண்டு பெண்களும் குனிந்து கேட்டார்கள். வயல்காரியிடம் வயலைப் பேசினான், கடல்காரியிடம் கடலைப் பேசினான். ஒருத்தியின் பெயரை இன்னொருத்தியிடம் அடையாளமாகக் கொடுத்தான். திரையில் அதே பெயர் வந்ததும் இரண்டு பேருமே அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். பெயர் சரியாக இருந்தது. அந்தப் பெயர் யாருடையது என்று அவன் சொன்னதுதான் பொய். செந்தாமரைக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறானே என்றுதான் தோன்றியது.

ஷஹ்பாஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். செந்தாமரை அனுப்பிய பணம் வேறு மாநிலத்தில் ஒரு கணக்குக்குப் போய், அன்று மாலையே ஏடிஎம்மில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கு ஒரு கல்லூரி மாணவனுடையது. மாதம் ஏதோ கொஞ்சம் பணத்துக்குக் கணக்கை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறான். எடுத்தது போக மிச்சமாகக் கிடந்த சொற்பத் தொகையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். குரலுக்கு உடையவன் யார் என்று இன்னும் தெரியவில்லை.

"கனகாம்மா, நீங்க அன்னிக்கே புகார் கொடுத்திருந்தா மொத்தத்தையும் நிறுத்தியிருக்கலாம். மூணாம் நாள்தான் கூப்பிட்டிருக்கீங்க."

"எஞ்சின் லாரியில வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான் சார். நம்பிக்கிட்டே இருந்தோம்."

செந்தாமரை ஒரு விஷயத்தை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். முன்பணமாக அவள் வைத்துக்கொண்ட நாலாயிரம் கனகாவின் பணம். அது விதையாகவும் மண்ணாகவும் கூலியாகவும் மாறி, ஆளில்லாமல் நாற்றங்காலில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அவளும்தான் நஷ்டப்பட்டிருக்கிறாள். இருந்தாலும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது கனகாவின் பணமாகவேதான் இருந்தது.

"நாலாயிரம் எங்கிட்ட நின்னுச்சு," என்றாள். "அதைக் கொடுத்துடுறேன். மீதிக்கு என்னால முடியாதுங்க. அது எங்கிட்ட இல்லை, நான் எடுக்கவும் இல்லை."

கனகா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றி என்று சொல்லவில்லை. "இவங்க மேல எனக்குப் புகார் இல்லைன்னு எழுதிக்குங்க சார்" என்று ஷஹ்பாஸிடம் சொன்னாள்.

அவர் எழுதிக்கொண்டார். இனி இந்த நாலாயிரம் மட்டும் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டுக் கனகாவுக்குப் போகும். மற்றபடி கணக்கைத் திறக்கலாம் என்று எழுதி அனுப்புவார். வங்கியின் மேலிடத்துக்குப் போய் வரக் கொஞ்ச காலம் பிடிக்கும். அவசரப்பட்டு யாராவது இடையில் போன் செய்து, கணக்கைத் திறந்து தருகிறேன், கட்டணம் போடு என்று கேட்டால் போடாதீர்கள் என்றும் சொன்னார்.

"அப்படியும் கேப்பாங்களா சார்?" என்றான் தியாகு.

"ஏமாந்தவங்க நம்பரைத்தான் முதல்ல அடுத்த கும்பலுக்கு விப்பாங்க" என்றார் ஷஹ்பாஸ்.

வெளியே பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. டீக்கடையில் தியாகு மூன்று டீ சொன்னான். கனகா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன்."

"பரவால்லைங்க. நானா இருந்தாலும் பேசியிருப்பேன்."

"அவன் கணக்குப்படி பாத்தா நீங்க எனக்கு அக்கா முறை" என்றாள் கனகா. முகத்தில் சிரிப்பு இல்லை.

செந்தாமரை டம்ளரை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ் கீழ்வேளூர் தாண்டிய பிறகு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அதை நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

*

மற்ற ஆர்டர்களுக்கு அன்பரசனின் நம்பரில் பணம் வாங்கினார்கள். சிலர் கையில் கொடுத்தார்கள். சாரங்கபாணி பெயரில் போட்ட நாற்று வயதேறி, மெஷின் விரலில் பிடிபடாத உயரத்துக்குப் போய்விட்டது. இராஜாங்கம் என்ற விவசாயி நேரடியாக விதைத்திருந்த வயலில், ஆனியில் பெய்த ஒரு மழை தண்ணீரைத் தேக்கி இடையிடையே பயிரை அழுகவிட்டிருந்தது. அழுகிப்போன இடங்களில் சந்து நிரப்ப அவருக்கு நாற்று வேண்டியிருந்தது. பாதி விலைக்குக் கேட்டார், செந்தாமரை கொடுத்தாள். ஆள் வைத்துக் கையால் பிரித்து நட்டார்கள். அவர் எடுத்தது போக மிஞ்சியதை மாட்டுக்குப் போட்டாள். ஆடிப்பெருக்குக் கழிந்த பிறகு வங்கியிலிருந்து கூப்பிட்டு, கணக்குத் திறந்துவிட்டது என்றார்கள். கல்லூரிக் கட்டணத்தை அதற்குள் அன்பரசன் வண்டியை வைத்துக் கடன் வாங்கிக் கட்டியிருந்தான்.

கனகாவுக்கு அந்த நாலாயிரமும், அந்த மாணவன் கணக்கில் தடுத்து வைத்த சொற்பமும் போய்ச் சேர்ந்தன. மற்றது வரவில்லை. தியாகு படகை விட்டுவிட்டு வேறொருவர் படகில் பங்குக்குப் போனான்.

பணம் வந்த சேதியைச் சொல்லத்தான் கனகா முதலில் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் காலை வேறு காரணத்துக்காகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மீன்வளத்துலேர்ந்து பேசுறோம்னு ஒருத்தன் கூப்பிட்டான். வலைக்கு மானியம் வந்திருக்காம். போனுக்கு ஒரு மெசேஜ் வரும், அதுல ஓகேன்னு அழுத்தி, பின் நம்பரைப் போட்டா பணம் கணக்குல ஏறிடுமாம். நான் வந்து..." அவள் நிறுத்தினாள். "பணம் வாங்குறதுக்கு எதுக்கு பின் நம்பரு?"

"எதுக்கு?" என்றாள் செந்தாமரை.

"அது கொடுக்குறதுக்குத்தானே போடுவோம். அடப்பாவி. சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சுக்கா. அவன் பேசுறப்போ தெரியலை."

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆனது. முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப வேண்டி வந்தால் அல்லது தெரியாத பணம் வந்தால், எதையும் தொடுவதற்கு முன் ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்வாள். பெரும்பாலும் மற்றவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. கதையை ஆரம்பத்திலிருந்து இன்னொருவருக்குச் சொல்லும்போது, ஓட்டை எங்கே என்று சொல்கிறவளுக்கே தெரிந்துவிடும். ஓட்டை இல்லாவிட்டாலும் அவசரம் கொஞ்சம் அடங்கும். அன்பரசனிடமும் செந்தாமரை சொல்வாள்தான். ஆனால் அவனுக்கு உடனே கோபம் வந்துவிடும். கனகாவுக்கு வராது. நாற்று வியாபாரத்துக்குத் தனியாக ஒரு கணக்குத் திறந்து, அன்றாடம் புழங்குகிற அளவு பணத்தை மட்டும் அதில் விட்டு வைத்தாள்.

புரட்டாசியில், சம்பா நாற்று மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் கணக்குக்கு ஏழாயிரம் ரூபாய் வந்தது. அனுப்பியவரை அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண் குரல் கூப்பிட்டது.

"அம்மா, அரியலூர்லேர்ந்து பேசுறேன். பையன் ஹாஸ்டலுக்குப் போடுற பணம்மா. ஒரு நம்பர் மாறிப் போச்சு. வந்த நம்பருக்கே அனுப்பிவிட்டாப் போதும்."

"நான் அனுப்பமாட்டேங்க. நீங்க உங்க பேங்க்ல எழுதிக் கொடுங்க. இங்கே நான் இன்னிக்கே சொல்லிடுறேன். அவங்க அனுப்புவாங்க."

"ஏம்மா, உங்க போன்லேர்ந்து ஒரு நிமிஷம்தானே?"

"இல்லைங்க. பேங்க் வழியாத்தான்."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டணும்மா. இல்லேன்னா சாப்பாடு நிறுத்திடுவாங்க."

செந்தாமரை சம்மதிக்கவில்லை. அவன் குரல் மாறியது. அடுத்தவன் காசைத் தின்று எத்தனை நாள் வாழ்ந்துவிடுவாய் என்று கேட்டான். இன்னும் சிலதும் சொன்னான். அவன் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பேங்க்ல எழுதிக் கொடுங்கண்ணே" என்று மறுபடியும் சொல்லி, போனை வைத்தாள். பிறகு கனகாவைக் கூப்பிட்டாள்.

"நெசமாவே தவறிப் போட்ட ஆளாக்கூட இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம்," என்றாள் கனகா. பின்னால் மீன் ஏலம் கேட்கிற சத்தம். "அப்போ அவருக்குப் பணம் வந்துடும். திட்டுனது போகட்டும் விடுங்க. தொடாதீங்க."

அன்று மதியமே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். ஜெயபாரதி வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த வாரத்தில் அந்த ஆளுடைய வங்கியிலிருந்து கோரிக்கை வந்து, இவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணம் வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பணம் போட்டவர் பள்ளி ஆசிரியர் என்றும், ஹாஸ்டல் விஷயம் உண்மைதான் என்றும் ஜெயபாரதி பேச்சுவாக்கில் சொன்னார். அவர் வேறு இடத்தில் கைமாற்று வாங்கிப் பையனுக்குக் கட்டியிருக்கிறார்.

செந்தாமரை வீட்டுக்கு வந்து அந்த நம்பரை எடுத்துப் பார்த்தாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தாள். என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை. இதே ஆள் மறுபடி தவறிப் போட்டாலும் அவள் இதையேதான் செய்வாள். அப்படியிருக்க வருத்தம் என்று எதைச் சொல்வது? வாசலில் தொழுவுரம் ஏற்றி வந்த டிராக்டர் ஹாரன் அடித்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று காட்டப் போனாள்.